பசுக்களுக்குச் சான்று

உங்கள் முதல் தொகுப்பு
நாலே நொடிதான் உயிரோடிருந்தது, ஹெல்மர்.
நீக்கியது நானில்லை, தானியங்கி.
அதற்குத் தூக்கமில்லை, பகையுமில்லை.
ஒரே வரியில் பதினோரு வியப்புக்குறி கண்டால்
பாத்திரத்தில் அடிப்பிடித்த கஞ்சிபோல்
சுரண்டி எறிந்துவிடும்.

இரண்டாவதை நீக்கியது நான்தான்.

"கயாகஸ் போல ஒரு படகு
இந்தக் கடலில் அதற்குமுன் இல்லை, இனியும் வராது.
அதன் இயந்திரச் சத்தம் பசுக்களுக்குக்கூடத் தெரியும்."

'அதற்குமுன் இல்லை' போயிற்று.
'இனியும் வராது' போயிற்று.
பசுக்களும் போயின.
பசுக்களிடம் வந்தபோது விரல் சற்றே நின்றதைத்
தொகுப்பு வரலாறு குறித்துக்கொள்ளவில்லை.
அது நேரத்தை மட்டும் குறிக்கும்: இரவு 1:42.

ஐந்து நிமிடத்தில் பேச்சுப் பக்கத்தில் உங்கள் கடிதம்:
"மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு,
இருபத்தாறு வருடம் அந்தப் படகின் எண்ணெயில் குளித்தவன் நான்.
நீங்கள் யார்?"

நான் யார்.
தார்த்துவில் பல் மருத்துவம், மூன்றாம் ஆண்டு.
கயாகஸைப் பழைய இரும்புக்கு வெட்டி
ஏழு வருடம் கழித்துப் பிறந்தவள்.
கடலில் ஏறினால் வாந்தி எடுப்பேன்.
இத்தனையும் தட்டச்சு செய்து, அழித்து,
"வணக்கம், நான் மார்யெட், பேராசிரியர் இல்லை"
என்பதை மட்டும் அனுப்பினேன்.

ஜனவரி முழுக்க நமக்குள் நடந்ததைப்
பாடம் என்று சொல்ல மாட்டேன். சண்டை.
முதலில் மணல்தொட்டியில் எழுதிப் பழகுங்கள் என்றேன்;
"எழுபத்தொரு வயதில் மணலில் விளையாடவா?" என்றீர்கள்.
நாலு அலைக்குறி போட்டால் கையொப்பம் விழும் என்றேன்;
கடல்காரனுக்கு ஏற்றதுதான் என்று
அதை மட்டும் அன்றைக்கே கற்றுக்கொண்டீர்கள்.

தொண்டையில் சிக்கியது ஒன்றுதான்:
உங்களுக்குத் தெரியும் என்பது இங்கே போதாது.
வேறொருவர், வேறொரு நாளில்,
அச்சில் சொல்லியிருக்க வேண்டும்.

அதைப் படித்துவிட்டு மூன்று வாரம் நீங்கள் வரவில்லை.
உங்கள் பயனர் பெயர் சிவப்பாகவே கிடந்தது.
பனி ஜன்னலின் பாதிவரை ஏறியது.
நான் கடைவாய்ப் பற்களின் வேர்களை
மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு படம் ஏற்றினீர்கள்.
மாவட்ட நூலகம், கட்டிவைத்த செய்தித்தாள், 1964,
மூன்றாம் பக்கம், அடியில்,
உங்கள் கட்டைவிரல் நிழல் விழுந்த மூலையில்
கூட்டுப்பண்ணைப் பால்காரி சல்மேயின் புகார்:
பால் ஏற்ற வரும் படகின் சத்தம் கேட்டதும்
கறவை நேரம் என்று மாடுகள் கரைக்கு ஓடுகின்றன.
படகு முன்கூட்டி வரும் நாட்களில்
மேய்ச்சல் பாதி, பாலும் பாதி.
நடவடிக்கை தேவை.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள்.

பசுக்கள் திரும்பி வந்தன,
நடுநிலையான ஒரே வாக்கியத்தில்,
கொம்புக்கு மேலே சின்னதாக எண் மூன்றோடு.

ஆனால் அதே இதழ், அதே பக்கம்
கயாகஸின் இயந்திரத்துக்கு இரண்டு உருளை என்கிறது.
நீங்கள் மூன்று என்கிறீர்கள்.
காப்பகத்துக்கு எழுதினோம்; படகின் கோப்பே இல்லை,
எலி தின்றதோ ஈரம் தின்றதோ.
"பொய்யை நான் எழுத மாட்டேன்.
உண்மையை நீ எழுத விட மாட்டாய்.
சரி, காலியாக விடு."
முதல் தடவையாக 'நீ' என்றிருந்தீர்கள்.

காலியாகத்தான் இருக்கிறது.
கட்டுரையைப் படிப்பவருக்கு
அங்கே ஒன்று விடுபட்டதும் தெரியாது.

பேச்சுப் பக்கத்தை யார் திறக்கப்போகிறார்கள்?
தேர்வுக்கு முந்தின இரவு நான் திறந்தேன்.
எல்லாவற்றுக்கும் அடியில், சான்று ஏதுமின்றி,
நாலு அலைக்குறி போட்ட கையொப்பத்தோடு:

"மூன்று. மூன்றையும் கழற்றி மாட்டியவன் நான்.
மூன்றாவது, குளிரில் இருமும்."